வெயில் பக்கத்துச் சர்க்கரைப் பனி

ஒரு மலையை நான் நாற்பது நிமிஷம் காக்க வைத்திருக்கிறேன். "நில்லு" என்றேன், நின்றது. "இப்போ போ" என்றேன், போனது. இதைக் கேட்டு எங்கள் டெஸ்மண்ட் ஊரே சிரித்தது. ஊரின் மக்கள்தொகை அறுநூற்று நாற்பது. சிரித்தவர்கள் எண்ணூறு பேர். பக்கத்து ஊர்களிலிருந்து பெட்ரோல் செலவு பண்ணி வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஷெரீஃப் நோலன் ஸ்டக்கி மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாத மனுஷர் அவர். கான்சாஸ் சமவெளியிலிருந்து இந்தக் கொலராடோ மலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் டெல்மர் பெங்கெல்லி. வயது எழுபத்தொன்று. கணவாய்ச் சாலையில் முப்பத்தொரு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன். என் வண்டியைப் பனிச்சரிவு ஏழு முறை புரட்டிப் போட்டிருக்கிறது. என் மனைவி இரண்டு முறை என்பாள். அவள் வண்டிக்குள் இருந்தாளா என்ன? என்னோடு வேலை பார்த்த லொரேனா ஆர்ச்சுலெட்டாவுக்கு அறுபத்திரண்டு. அதே சாலைக்குப் பனிச்சரிவு கணித்துச் சொல்லும் வேலையில் இருந்தவள். மலை எப்போது விழும் என்று அவள் சொல்வாள், அதற்குள் நான் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். இருவருக்கும் ஓய்வு கிடைத்தபின் ஊரில் எது காணாமல் போனாலும் லொரேனாவிடம்தான் வருகிறார்கள். அவள் கண்டுபிடிப்பாள், நான் கூடவே போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இரண்டும் வேலைதான்.

நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை, காலை எட்டரை. ஊரின் ஒரே காபிக் கடையில் எங்கள் எதிரே டாக்னி கிட்டெல்சன் உட்கார்ந்திருந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள். "ஒம்போது மணிக்குக் கதவைப் பார்த்தேன். பத்து மணிக்குப் பார்த்தேன். அப்புறம் காத்து ஆரம்பிச்சுடுச்சு."

அவள் கணவன் வார்ட் கிட்டெல்சன், ஊரின் பிளம்பர். ஆறடி நாலங்குலம். குளிர்காலத்தின் முதல் பனி விழுந்ததும் யார் வீட்டுக் குழாய் வெடித்தாலும் கண்டுகொள்ளாமல் பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவான். புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பியவன் திரும்பவில்லை. வியாழன் மாலை வரும் என்று சொல்லியிருந்த காற்று புதன் இரவே வந்து ஒன்றரை அடிப் பனியையும் கொட்டியிருந்தது.

ஷெரீஃப் ஸ்டக்கி நின்றபடியே ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். "ஹார்மனிப் படுகையில இருக்கார். வண்டி அங்க மலைப் பாதை தொடங்கற வாசல்லதான் நிக்குது. திங்கக்கிழமை பனிச்சரிவு மையத்துக்கு அவரே அனுப்பின குறிப்பும் அதே இடத்தைத்தான் சொல்லுது. மீட்புக் குழு ஒன்பது பேர் அங்க தயாரா நிக்கிறாங்க. மேகம் தாழ்ந்து கிடக்கு, ஹெலிகாப்டர் வராது. நடந்துதான் போகணும். சாயங்காலம் அடுத்த காத்து வர்றதுக்குள்ள முடிச்சுடுவோம்."

"ஒரு மணிக்கு வரும்" என்றாள் லொரேனா, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வானிலைக்காரங்க சாயங்காலம்னு—"

"நேத்துக் காத்தையும் அவங்க இன்னைக்குச் சாயங்காலம்னுதான் சொன்னாங்க."

நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். மலைக்குப் போகிறவர்கள் பார்த்ததை மற்றவர்களுக்காக எழுதி அனுப்பும் குறிப்பு அது. *இடம்: ஹார்மனிப் படுகை, தெற்கு பார்த்த சரிவு. உயரம் 11,400 அடி. தரையோடு ஒட்டி ஒரு அடிக்குச் சர்க்கரைப் பனி. அள்ளினால் விரலிடுக்கில் கொட்டுகிறது. அதன்மேல் பத்து அங்குலம் புதுப்பனி. நடக்கும்போது இரண்டு இடத்தில் 'வூம்ஃப்' என்று உள்ளே இறங்கியது. இப்போதைக்கு மேலே பாரம் இல்லை. அடுத்த காற்றுக்கு அப்புறம் யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள்.*

லொரேனா என் பக்கம் திரும்பினாள். "யோவ், போன மாசம் கடைசியில எல்க் மான் வேட்டைக்கு எங்க போன?"

"ஹார்மனிக்கு. இருபத்தெட்டாம் தேதி. எல்க் ஒண்ணும் ஆப்டல. வெயில் அப்படி அடிச்சுது, சட்டையைக் கழட்டிட்டுப் பாறை மேல படுத்துட்டேன். தூரத்துல ஒரு எல்க் பார்த்துட்டு வாந்தி எடுத்துது."

"தரையில பனி இருந்துதா?"

"ஒரு ஸ்பூன் கிடையாது. வெட்டுக்கிளி குதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"கேட்டீங்களா ஷெரீஃப்?" என்றாள். "சர்க்கரைப் பனி வானத்துலேருந்து விழறது இல்ல. அக்டோபர்ல விழுந்த பனி, வெயிலே படாத நிழல்ல, மூணு வாரம் குளிர்ல கிடந்து உள்ளுக்குள்ளேயே மக்கிச் சர்க்கரையாகும். ஹார்மனி வெயில் பக்கம். அக்டோபர் பனி மொத்தமும் அங்க கரைஞ்சு போச்சு. அங்க ஒரு அடிச் சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு?"

"அப்ப, உயிர் காக்கற குறிப்புல இந்த மனுஷன் பொய் எழுதியிருக்கார்ங்கிறீங்களா?"

"இடத்தைப் பத்தி மட்டும்."

டாக்னி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள், புரிந்துவிட்டது. ஷெரீஃபுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

"ஷெரீஃப், இந்த ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ரகசியச் சரிவு உண்டு. முதல் பனியில அங்க தான் மட்டும் சறுக்கணும். அதனால எங்க போனேன்னு பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டான். ஆனா பனி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, ஜென்ம விரோதியா இருந்தாலும் உண்மையைச் சொல்லிடுவான். இடத்தைப் பத்திப் பொய் சொன்னா மத்தவங்க சிரிப்பாங்க. பனியைப் பத்திப் பொய் சொன்னா அப்புறம் அவன் கூட யாரும் காபி குடிக்க மாட்டாங்க."

"வண்டி அங்க நிக்குதே. வண்டியுமா பொய் சொல்லும்?"

"எங்க ஊர்ல முதல்ல பொய் சொல்றதே வண்டிதான்."

ஷெரீஃபின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. "சர்க்கரையை நம்பி ஒன்பது பேரைத் திருப்பி அனுப்ப முடியாது மேடம். இவங்க புருஷன் அங்க கிடந்து நான் வேற எங்கேயோ தேடினேன்னா, அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். பத்தரை மணி வரைக்கும் டைம் தர்றேன். கையில பிடிக்கிற மாதிரி ஏதாவது கொண்டு வாங்க."

டாக்னி மேஜையின் மேல் வார்ட் வண்டியின் மாற்றுச் சாவியை நகர்த்தினாள். "ஆன்ட்டி, அவரு அங்க இல்லேன்னா, அப்ப யாருமே தேடாத இடத்துலதானே இருக்காரு?"

லொரேனா கோட்டை மாட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஹார்மனி வாசலுக்குப் பதினைந்து மைல். நான் ஒன்பதே நிமிஷத்தில் ஓட்டினேன். லொரேனா கண்ணை மூடிக்கொண்டு வந்ததால் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

வார்டின் பிக்கப் வண்டி, மேலே ஒன்றரை அடிப் பனியோடு, கிரீம் தடவிய கேக் மாதிரி நின்றது. மீட்புக் குழு ஸ்கீ கட்டைகளைப் பூட்டிக்கொண்டு ஷெரீஃபின் உத்தரவுக்குக் காத்திருந்தது. லொரேனா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு காலி டப்பா, ஒரு குழாய்க் குறடு, நாய்முடி. வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"உள்ள ஏறி உக்காரு."

"எதுக்கு?"

"குளிருதுன்னு வர்ற வழியெல்லாம் புலம்பினியே."

கதவைத் திறந்து ஏறினேன். ஏறினேன் என்று சொல்லக்கூடாது, மாட்டிக்கொண்டேன். ஸ்டீயரிங் வயிற்றில் குத்தியது, முழங்கால் மோவாயைத் தொட்டது. நான் ஐந்தடி பத்தங்குலம். மூச்சுவிடுவதற்கு என் கோட்டுப் பொத்தான் ஒன்று உயிர்த்தியாகம் செய்தது.

"லொரேனா, என்னை வெளிய இழு!"

அவள் இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ரசித்தாள். "வார்ட் உன்னைவிட ஆறங்குலம் உயரம். முழங்காலை வீட்டுல கழட்டி வச்சுட்டா வண்டி ஓட்டினான்?"

நான் அப்போதுதான் சீட்டைப் பார்த்தேன். கடைசிப் பல் வரைக்கும் முன்னால் இழுத்து மாட்டியிருந்தது. இந்த வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது வார்ட் இல்லை. அவனை வேறு எங்கேயோ இறக்கிவிட்டு, ஊரை ஏமாற்றுவதற்காக இங்கே நிறுத்திவிட்டுப் போனவன் ஒரு குள்ளன்.

"ஸ்கீ பைத்தியம் பிடிச்ச குள்ளன் நம்ம ஊர்ல யாரு?" என்றாள்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு அஞ்சடி ரெண்டங்குலம்" என்றேன். "ஆகி ஸனோட்டி!"

ஆகி ஸனோட்டி ஸ்கீ கட்டைகளுக்கு விளிம்பு தீட்டித் தரும் கடைக்காரன். வயது ஐம்பத்தெட்டு. நாங்கள் போனபோது கடைக்குள் அரத்தை வைத்து ராவிக்கொண்டே மெலிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரே ஒருவனைத் தேடும்போது சிரிப்பவன் ஒன்று கொலைகாரனாக இருக்க வேண்டும், அல்லது காணாமல் போனவன் எங்கே என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

"ஆகி, வார்ட் எங்கடா?" என்றேன்.

"ஹார்மனியில. ஷெரீஃபே சொல்லிட்டாரே." அரம் நிற்கவில்லை.

"வண்டி சீட்டு உன் அளவுல இருக்கு."

"இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் குள்ளனா? உன் மூளையும்தான் குள்ளம்."

நான் சட்டைக் கையை மடித்தேன். லொரேனா என்னைக் கையமர்த்திவிட்டு, வரைபடத்தை விரித்து அவன் மேஜையில் வைத்தாள்.

"இடத்தை நான் கேக்கல ஆகி. கேட்டாலும் நீ பொய்தான் சொல்லுவ. அது உன் உரிமை. மீட்புக் குழு ஒன்பது பேரை வடக்குப் பக்கம் அனுப்பலாமான்னு பார்க்கறோம். மூணு வழி இருக்கு. நீ போன வாரம் பூரா மேல சுத்தினவன். பனி எப்படின்னு மட்டும் சொல்லு. பிஷப் இடுக்கு?"

அரம் நின்றது. இந்தக் கேள்விக்கு இந்த ஊர்க்காரன் எவனும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தும்மலை அடக்கினாலும் அடக்கலாம். "அங்க பயம் இல்ல. காத்து எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடும். வெறும் பாறை."

"கிழக்குக் காடு?"

"மரம் நெருக்கமா இருக்கு. ஒட்டினாப்ல போனா ஒண்ணும் ஆகாது."

"பெரிய பெட்ஸி அடியில?"

ஆகி வாயைத் திறந்தான். மூடினான். அவன் கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். பெரிய பெட்ஸி என்பது கைவிடப்பட்ட பழைய மேல்சுரங்கத்தின் மேலே தொங்கும் வடக்குச் சரிவு. அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு போட்ட ஒரு அம்மாளின் பேர். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் தட்டு முட்டெல்லாம் ஒரே வீச்சில் வெளியே வந்து விழுமாம்.

"ஒன்பது பேர் ஆகி" என்றாள் லொரேனா. "அனுப்பவா?"

"அனுப்பாத." என்றான் ஆகி. "அங்க அனுப்பாத லொரேனா. ஒரு அடிக்குச் சர்க்கரை."

லொரேனா வரைபடத்தில் பெட்ஸியின் மேல் விரலை வைத்தாள்.

"சரி, சொல்லிட்டேன் போ!" என்று கத்தினான். "ஆனா அவன் தொலையவே இல்ல! சுரங்கக் கேபின்ல ரெண்டு ராத்திரி தங்கப் போறேன்னு எங்கிட்டச் சொன்னான். ரெண்டு நாள் ரொட்டியும் சீஸும் எடுத்துட்டுப் போயிருக்கான். வீட்டுல ஒரு நாள்னு சொல்லியிருப்பான், இல்லேன்னா அவ விடமாட்டா. நாளைக்குக் காலையில நான் போய்க் கூட்டிட்டு வரணும்னு பேச்சு. இதுக்குப் போய் ஊரே கூடி அந்தச் சரிவைக் காட்டிக் கொடுக்கணுமா?"

"நேத்து ராத்திரி காத்து எந்தப் பக்கத்துலேருந்து?"

"தென்மேற்கு." சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"தென்மேற்குக் காத்து பனியைத் தூக்கிட்டுப் போய் எங்க கொட்டும்?"

வடகிழக்கில். நிழல் பக்கத்தில். சர்க்கரையின் மேல். கேபினுக்கு நேர் மேலே.

அரம் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கோட்டை எடுக்கக்கூட நினைவில்லாமல் ஆகி வாசலுக்கு ஓடினான்.

பதினொன்றரைக்கு நாங்கள் பெட்ஸிக்கு எதிரே இருந்த மேட்டில், மரங்களுக்குள் நின்றோம். லொரேனா, ஆகி, பனியில் ஆளை வைத்து இழுக்கும் ஸ்லெட்டோடு மீட்புக் குழுவிலிருந்து இரண்டு பேர், நான். ஷெரீஃபும் வந்திருந்தார். ஆகியின் வாக்குமூலத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வந்தார். மிச்சம் ஏழு பேரை ஹார்மனியிலேயே நிறுத்திவைத்திருந்தார். ஒருவேளை சர்க்கரை பொய்யாகிவிட்டால் என்று. டாக்னியும் அங்கேதான் ரேடியோ பக்கத்தில் நின்றாள்.

லொரேனா பைனாகுலரை எடுத்து எதிரே பிடித்தாள்.

பெட்ஸியின் மேற்குப் பாதி இரவே விழுந்திருந்தது. உச்சியில் கத்தியால் வெட்டின மாதிரி ஆளுயரத்துக்கு ஒரு கோடு. கீழே வீடு வீடாகப் பனிக்கட்டிக் குவியல். கேபின் இருந்த இடத்தில் கேபின் இல்லை. புகைபோக்கியின் ஒரு துண்டு மட்டும் தலைகீழாகச் செருகிக்கொண்டு நின்றது. கிழக்குப் பாதி இன்னும் விழவில்லை. வெள்ளை வெளேரென்று, கொழுத்துப்போய், மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகி பனியில் மண்டியிட்டான். "கொன்னுட்டேன். வாயை மூடிக்கிட்டே இருந்து கொன்னுட்டேன்."

மீட்புக் குழு ஆட்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் குவியலின் ஓரத்துக்குப் போய், மார்பில் கட்டியிருந்த சிக்னல் பெட்டியை நீட்டிக்கொண்டு மேலும் கீழுமாக நடந்தார்கள். பனிக்கடியில் இன்னொரு பெட்டி இருந்தால் கத்தும். கத்தவில்லை. கால் மணி நேரம் நடந்தும் கத்தவில்லை.

"டாக்னிகிட்ட நான் என்ன சொல்ல?" என்றார் ஷெரீஃப். அவர் முதல் முறையாகக் காகிதத்தைப் பார்க்காமல் பேசினார்.

லொரேனா பைனாகுலரை இறக்கவில்லை. "டெல்மர், குவியலுக்குக் கிழக்கு ஓரம். உடைஞ்ச மரத்தூண் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. அது மேல என்ன?"

வாங்கிப் பார்த்தேன். "இறகு. உறைபனி இறகு. விரல் நீளத்துக்கு முளைச்சிருக்கு. என் தாடியில முளைக்கிற மாதிரி."

"உன் தாடியில ஏன் முளைக்குது?"

"மூச்சு விடறேனே, அதனால." சொல்லிவிட்டு நானே வாயைப் பிளந்தேன்.

"சுத்திலும் எதுலயாவது இருக்கா? கிடையாது. அந்த ஒரு தூண்ல மட்டும்தான். அதுக்கடியிலேருந்து ஈரமா, வெதுவெதுப்பா மூச்சு வருது."

ஆகி துள்ளி எழுந்தான். "சுரங்கத்தோட மேல் வாய்! குளிர்காலம் பூரா அதுலேருந்து வெதுவெதுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கும்!"

"மலை மூச்சு விடுது, சரி" என்றார் ஷெரீஃப். "மனுஷன் விடறானா? கேபின்ல தூங்கினவர் சுரங்கத்துக்குள்ள ஏன் போகணும்?"

"ரெண்டு தடவை 'வூம்ஃப்' கேட்டு, காத்துக்கப்புறம் யாரும் வராதீங்கன்னு ஊருக்கே எழுதினவன் ஷெரீஃப். ராத்திரி காத்து திரும்பினதும் தான் எழுதினதைத் தானே நினைச்சுப் பார்த்திருக்க மாட்டானா? கூரைக்குப் பதிலா பாறைக்கடியில போய்ப் படுத்திருப்பான். தங்கற இடத்துக்குப் போயாச்சுன்னா பேட்டரிய மிச்சம் பிடிக்க சிக்னல் பெட்டிய அணைச்சுடுவாங்க. அதான் கத்தல."

சுரங்கத்தின் வாய், தொங்கிக்கொண்டிருந்த கிழக்குப் பாதியின் நேர் கீழே இருந்தது. மணி பன்னிரண்டு ஐந்து. லொரேனா சொன்ன காற்றுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம்.

"ஒவ்வொருத்தரா கடக்கணும்" என்றாள். "ஒருத்தர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அடுத்தவர். பேச்சுக் கிடையாது. டெல்மர், நீ இங்கேயே நில்லு. கண்ணு உச்சியில. அசைஞ்சா விசில். ரேடியோவுல கதை சொல்லாத."

அவள் போனாள். ஆகி போனான். ஸ்லெட்டோடு மற்ற இருவர் போனார்கள். கடைசியாக ஷெரீஃப். அவர் பாதி தூரம் போனபோது அது கேட்டது. காதால் கேட்டதைவிட வயிற்றால் கேட்டது என்று சொல்ல வேண்டும். *வூம்ஃப்.* அவர் காலடியில் சரிவு மொத்தமும் ஒரு விரல் கீழே உட்கார்ந்தது. ஷெரீஃப் ஸ்டக்கி ஒரு காலைத் தூக்கியபடி சிலையானார். அந்தச் சர்க்கரையை அவர் அதற்குமேல் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதவில்லை. உச்சியில் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் ஆரம்பித்தேன். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு சரிவின் அடியிலும் வண்டியை ஓட்டும்போது அதன் பேரைச் சொல்லிப் பேசித்தான் கடந்திருக்கிறேன். வண்டி ஓட்டுகிற நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

"பெட்ஸி கண்ணு, நான்தான் டெல்மர். உன் கதவுகிட்ட ஒருத்தன் மாட்டிக்கிட்டான், அவனை எடுத்துக்கிட்டுப் போயிடறோம். நீ பாட்டுக்கு அப்படியே நில்லு. நல்ல பொண்ணுல்ல நீ."

ஷெரீஃப் காலைக் கீழே வைத்தார். அடுத்ததை வைத்தார். கடந்துவிட்டார். பட்டனிலிருந்து என் விரல் ஒரு கணம் நழுவியதும் ரேடியோவிலிருந்து அவர் குரல் சீறியது. "பெரியவரே! பட்டனை விடுங்க! எல்லாம் இங்க கேக்குது!"

பட்டனை விட முடியவில்லை. கையுறை உறைந்துபோய் விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் விரலைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தால்தான் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். உடனே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெட்ஸியிடம் நான் சொன்ன ஒவ்வொரு கொஞ்சலும் அங்கே தோண்டிக்கொண்டிருந்தவர்களின் காதிலும், பதினைந்து மைல் தள்ளி ஹார்மனியில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது.

தோண்டினார்கள். பத்து நிமிஷம். இருபது. பனிவாரி கல்லில் மோதும் சத்தம் கேட்டது. முப்பதாவது நிமிஷம் ஆகி குழிக்குள் தலைகீழாக இறங்கினான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. "வார்ட்! டேய் வார்ட்!"

உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. "ஆகி? ஏன்டா, இடத்தை யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

ஆகி அழுதான், சிரித்தான், இரண்டையும் சேர்த்தே செய்தான். "வாயே திறக்கலடா! இவ பனியைப் பத்திக் கேட்டுட்டா!"

பிறகு வார்ட் சொன்னான்: "அப்படிக் கேட்டா சொல்லித்தான்டா ஆகணும்."

சரிந்து விழுந்த தூண் ஒன்று அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது. அதை நெம்புவதற்குள் என் கன்னத்தில் ஏதோ பட்டது. காற்று. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பெட்ஸியின் உச்சியிலிருந்து வெள்ளைப் புகைபோல் பனி கிளம்பி, கிழக்குப் பாதியின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் பாரம் ஏறிக்கொண்டிருந்தது.

"லொரேனா, உச்சி புகையுது!"

"எவ்வளவு?"

அந்த ஒரு தடவை நான் மிகைப்படுத்தவில்லை. "நிறைய."

வார்டை ஸ்லெட்டில் கட்டி ஆகியும் ஒரு ஆளும் இழுத்துக்கொண்டு கடந்தார்கள். ஆறடி நாலங்குலத்தை ஐந்தடி ரெண்டங்குலம் இழுத்தது. அடுத்து இன்னொரு ஆள். அடுத்து லொரேனா. அவள் என் பக்கத்தில் வந்து நின்றதும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. அந்த முகத்தை முப்பது வருஷத்தில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், சாலையை மூடச் சொன்ன ஒரு நாளில்.

ஷெரீஃப் மட்டும் பாக்கி. கடைசி ஆளாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டிருந்தார். கால் வைத்தார். பனி முட்டிவரை விழுங்கியது. எடுத்தார். வைத்தார். உச்சியில் ஒரு மயிரிழைக் கோடு ஓடியது. எனக்குத் தெரிந்தது. லொரேனாவுக்கும் தெரிந்தது. அவருக்குத் தெரியாது.

"பெட்ஸி" என்றேன். ரேடியோ திறந்தேதான் இருந்தது. "கடைசி ஒருத்தர்தான் தங்கம். இவரு மலைக்குப் புதுசு, கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு. கோவிச்சுக்காத. நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல. நில்லு."

ஷெரீஃப் மரங்களுக்குள் வந்து விழுந்தார். லொரேனா காலரைப் பிடித்து இழுத்து அவரைப் பெரிய மரத்துக்குப் பின்னால் தள்ளினாள்.

"இப்போ போ" என்றேன்.

போனது.

அதைப் பற்றி எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் குறைவுதான், ஆகவே சொல்லாமல் விடுகிறேன். வெள்ளை இருட்டு வந்தது. மூச்சுக்குள்ளெல்லாம் பனித்தூள் போனது. அது அடங்கியபோது சுரங்கத்தின் வாய், குழி, தூண், எங்கள் காலடித் தடம் எதுவும் எதிரே இல்லை. லொரேனா விரலை நீட்டி எண்ணினாள். ஏழு பேர். ஸ்லெட்டில் கிடந்தவனையும் சேர்த்து ஏழு.

ரேடியோ கரகரத்தது. டாக்னியின் குரல். "ஷெரீஃப்? ரேடியோவுல பெரிய சத்தம் வந்துச்சு. யாராவது... அதுல யாராவது..."

ஷெரீஃப் ஸ்டக்கி ரேடியோவை எடுத்தார். புருவத்தில் பனி அப்பியிருந்தது. "இல்லம்மா. உங்க புருஷன் இங்கதான் இருக்கார், கால்ல மட்டும் அடி. பேசிக்கிட்டு இருக்கார். எல்லாரும் வெளிய வந்துட்டோம். நாங்க வெளிய வந்ததுக்கப்புறம்தான் விழுந்துச்சு."

"கடவுளே! அது எப்படி?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். சட்டைப்பைக்குப் போன கை, காகிதத்தை எடுக்காமலே திரும்பி வந்தது. பிறகு பட்டனை அழுத்தினார்.

"பெரியவர் நில்லுன்னு சொன்னாரும்மா" என்றார். "நின்னுச்சு."